கீறல் விழுந்திருக்கு

டயர் மாத்தப் போறவங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணு மட்டும் செய்யுங்க. வண்டியைக் கடைக்குள்ள விடறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. நான் எடுக்கல. என் மச்சான் எடுத்திருந்தார்.

மச்சான்னா என் மனைவியோட அண்ணன். கார் அவரோடது. கருப்புக் கார், வெள்ளி கலர் அலாய் சக்கரம். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு சக்கரத்துப் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்துடுவார். சொந்தப் பல்லுக்குக்கூட இவ்வளவு நேரம் செலவு பண்றதில்லன்னு அவர் வீட்டம்மா சொல்லுவாங்க.

வேலை விஷயமா பத்து நாள் வெளியூர் கிளம்பினார். புது டயர் நாலும் கடைக்கு வந்து இறங்கியாச்சு, பணமும் அவரே கட்டியாச்சு. கொண்டு போய் மாட்டிட்டு வரணும், அவ்வளவுதான் வேலை. சாவியை என் கையில வச்சார். ஆனா அவர் கையை எடுக்கல. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒரே சாவியைப் புடிச்சுக்கிட்டு நின்னோம்.

"மாப்ளே, வேற ஆள் கிடைக்கலன்னுதான் உன்கிட்ட தரேன்."

"சரிங்க மச்சான்."

"கடைக்குப் போற. மாட்டற. வந்துடற. நடுவுல எதையும் தொடாத."

அன்னைக்குச் சாயங்காலமே என் போனுக்கு நாலு போட்டோ வந்துச்சு. சக்கரத்துக்கு ஒண்ணு. கீழ ஒரு வரி: 'இப்படியே திரும்பி வரணும்.'

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுல எனக்குப் பேரே உடைசல். கல்யாணமான மறு வாரம் மாமனாரோட மூக்குக் கண்ணாடி மேல உக்காந்தேன். அடுத்த வருஷம் அவங்க பாத்ரூம் கதவோட கைப்பிடி என் கையோட வந்துச்சு. நான் உள்ள இருந்தேன். அப்புறம் மச்சானோட கேமரா. அதைப் பத்தி இன்னைக்கும் யாரும் பேச்சு எடுக்கறதில்ல. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன், நான் எதையும் மறைச்சது கிடையாது. ஒவ்வொரு தடவையும் நானே நேரா போய் "உடைஞ்சுடுச்சு"ன்னு சொல்லிடுவேன்.

பத்தொன்பது வருஷத்துல மச்சான் என்னை நம்பி ஒரு பொருளைக் கையில குடுத்தது இதுதான் முதல் தடவை. காரை ஒரு கீறல் இல்லாம திருப்பிக் குடுத்துட்டா அந்தப் பேரு போயிடும்னு நினைச்சேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனோம். மனைவியும் கூட வந்தா, அவளுக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. கடையில வேலை நடக்கிற இடத்துக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல ஒரு கண்ணாடி. அதுல 'உள்ளே வரக் கூடாது'ன்னு ஒட்டி, அந்த ஸ்டிக்கர் சரியா நம்ம கண்ணு மட்டத்துல இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டிருக்காங்க. உக்கார ஒரு பழைய வேனோட பின் சீட்டு. அதுல சீட் பெல்ட்டும் இருந்துச்சு.

டயர் மாட்டறவரை எல்லாரும் ஸ்பேனர்னு கூப்பிட்டாங்க. அம்பது வயசுக்கு மேல இருக்கும். மேனேஜர்கூட "ஸ்பேனர் அண்ணே"ன்னுதான் சொன்னார். முக்கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. வர்ற வழியில மருந்துக்கடை வாசல்ல ஓரம் கட்டினேன். பின்னாடி கர்ருன்னு ஒரு சத்தம்.

"என்னங்க அது?" மனைவி கேட்டா.

"பாட்டில். யாரோ பிளாஸ்டிக் பாட்டிலைப் போட்டிருக்காங்க."

சனிக்கிழமை காலையில, திருப்பிக் குடுக்கிறதுக்கு முன்னாடி சக்கரத்தைத் துடைச்சு வைக்கலாம்னு வாளியோட உக்காந்தேன். வலது முன் சக்கரத்தோட விளிம்புல நாலு கீறல். கடிகாரத்துல பன்னெண்டு, மூணு, ஆறு, ஒம்பது இருக்கிற இடத்துல, அளந்து வச்ச மாதிரி. வலது பின்னாடி, அதே நாலு. இடது முன்னாடி, அதே நாலு. இடது பின் சக்கரத்துல மட்டும் வேற மாதிரி, விளிம்போட கால்வாசிக்கு நீளமா ஒரே தேய்ப்பு. அதுல டயர் மாட்டற மெஷின் வழுக்கியிருக்கும்னு முடிவு பண்ணிட்டேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தா. "போச்சு. அண்ணன் நாளைக்கு வரார்."

"நான் தொடவே இல்லடி."

"நம்பறேன். அண்ணன் நம்பணுமே."

மச்சானோட நாலு போட்டோவையும் எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனோம்.

மேனேஜர் வெளிய வந்து குனிஞ்சு பார்த்தார். கட்டை விரலை நாக்குல தொட்டு முதல் கீறலைத் தேய்ச்சார்.

"தூசி சார் இது."

"தேய்ச்சும் போகலையே."

"பழைய தூசி."

போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ரோட்டுல கல்லு தெறிச்சிருக்கும் சார்."

"சரியா பன்னெண்டு, மூணு, ஆறு, ஒம்பதுலயா?"

"சில ரோடு அப்படி இருக்குது சார்."

நான் சத்தம் போடற ஆள் இல்ல. எனக்குச் சண்டை வேணாம், நஷ்ட ஈடும் வேணாம், 'இது எங்க கடையில நடந்தது'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, எங்க மச்சான்கிட்ட காட்டணும்னு சொன்னேன். அவர் என்னைப் பாவமா பார்த்தார். சக்கரத்துக்கு பாலிஷ் போட்டுத் தரேன்னார். வண்டிக்குள்ள வாசனைக்கு ஒரு டப்பா வைக்கிறேன்னார். டயர் படம் போட்ட கீ செயின் ரெண்டு எடுத்து மேஜை மேல வச்சார். எழுதறது மட்டும் கஷ்டம்னார்.

"ஏன் சார்?"

"எழுதினா அது இருந்துக்கிட்டே இருக்குமே சார்."

மனைவி வேன் சீட்டுல உக்காந்திருந்தா. "அதுக்குத்தாங்க எழுதச் சொல்றோம்"னா.

அரை மணி நேரம் கழிச்சு மனசு இறங்கி வந்து ஒரு சீட்டை எழுதி நீட்டினார். அழகான கையெழுத்து. 'சக்கரத்தில் கீறல் விழுந்திருக்கு.'

"விழுந்திருக்குன்னா?"

"விழுந்திருக்கு சார்."

"தானா விழ அது என்ன மழையா? கீறிட்டோம்னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்."

"ஒண்ணுன்னா நான் சொல்றதையே எழுதிடுங்களேன்."

பேனாவை மூடினார். "விழுந்திருக்குன்னா நூறு எழுதித் தரேன் சார். கீறிட்டோம்னு ஒண்ணுகூட வராது."

அப்போ என் மனைவி எழுந்திரிச்சு வந்து, அவரை விட்டுட்டு என்னைப் பார்த்தா. "பத்தொன்பது வருஷமா நான் உங்ககிட்ட கேக்கற அதே வார்த்தையைத்தான் நீங்க இவர்கிட்ட கேக்கறீங்க."

"எதை?"

"கண்ணாடி உடைஞ்சுடுச்சு. கைப்பிடி வந்துடுச்சு. கேமரா விழுந்துடுச்சு. எல்லாம் அதுவாவே. நீங்க சும்மா பக்கத்துல நின்னீங்க."

மேனேஜர் சந்தோஷமா தலையாட்டினார். இது அதுக்குச் சம்பந்தம் இல்லாத பேச்சுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள சத்தம் கேட்டு ஸ்பேனர் கையைத் துடைச்சுக்கிட்டே வந்துட்டார்.

"என்ன பிரச்சினை?"

"ஒண்ணும் இல்லண்ணே, சக்கரத்துல லேசா விழுந்திருக்கு."

ஸ்பேனர் மெதுவா வண்டியைச் சுத்தி வந்தார். முழங்கால் வலி போல, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கதவைப் புடிச்சுக்கிட்டுத்தான் குனிஞ்சார். வலது முன் சக்கரம். "இது நான்." வலது பின் சக்கரம். "இதுவும் நான்." இடது முன் சக்கரம். "இதுவும் நான்தான் கீறிட்டேன்."

"அண்ணே," மேனேஜர் குரலை இறக்கினார், "விழுந்திருக்குன்னு சொல்லுங்க."

"தானா எப்படிப்பா விழும்? மெஷின்ல சக்கரத்தைக் கவ்வற நாலு பல்லு இருக்குல்ல, அதுக்கு மேல பிளாஸ்டிக் மூடி போடணும். போட்டிருக்கேன்னு நினைச்சேன். கழண்டு போயிருந்திருக்கு. பார்க்காம மாட்டினது நான்தானே."

எனக்கு அவரைக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. அவர் இடது பின் சக்கரத்துக்குப் போனார். குனிஞ்சார். எழுந்திரிச்சார்.

"இது நான் இல்ல."

"அது எப்படிங்க? மூணும் நீங்க, நாலாவது மட்டும் யாரு?"

"மூணு முடிச்சப்போதான் மூடி இல்லன்னு பார்த்தேன் சார். நாலாவதுக்கு நாலு பல்லுலயும் துணி சுத்தி, குழந்தையைத் தூக்கி வைக்கிற மாதிரி வச்சு மாட்டினேன். நேத்து நான் ஒழுங்கா செஞ்ச ஒரே சக்கரம் அது. அதையும் என் தலையில கட்டாதீங்க."

"நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும். நீங்க சீட் பெல்ட் போட்டு உக்காந்திருந்தீங்க. ரொம்ப நிம்மதியா இருந்தீங்க. வாய் வரல."

அப்புறம் விரலால டயரோட பக்கவாட்டைத் தடவி என்கிட்ட காட்டினார். வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருந்துச்சு. "சிமெண்ட்டு. நடைபாதை ஓரக் கல்லுல தேய்ச்சா இப்படித்தான் வரும். எங்க கடையில தேய்க்கறதுக்குக் கல்லே கிடையாது."

நான் அந்த வெள்ளையைப் பார்த்துக்கிட்டே நின்னேன். பக்கத்துல இருந்து ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு.

"பாட்டில்"னு சொன்னா என் மனைவி.

யாரும் சிரிக்கல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

ஸ்பேனர் மேனேஜர்கிட்ட இருந்த நேத்தைய வேலைச் சீட்டை வாங்கி, பின்பக்கம் திருப்பி, காரோட பானெட் மேல வைக்கப் போனவர், நிறுத்திட்டுத் தன் தொடை மேல வச்சு எழுதினார். 'வலது முன், வலது பின், இடது முன். மூணு சக்கரத்தையும் நான் கீறிட்டேன். மூடி போட்டிருக்கான்னு பார்க்கல.' கையெழுத்துப் போட்டார். மேனேஜர் பெருமூச்சு விட்டுட்டு சீலை எடுத்துக் குத்தினார். 'நன்றி, மீண்டும் வருக'ன்னு இருந்துச்சு. அவங்ககிட்ட இருந்தது அந்த ஒரு சீல்தான்.

"வியாழக்கிழமை கொண்டு வாங்க சார், பெயிண்டரை வரச் சொல்லி மூணையும் சரி பண்ணிடறேன்" என்றார் ஸ்பேனர். சீட்டை என்கிட்ட குடுக்கும்போது கீழ காலியா இருந்த பாதியைக் காட்டினார். "நாலாவதுக்கு இடம் விட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை மேஜை மேல வச்சுக்கிட்டு உக்காந்தேன். உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு முதல்ல தோணினது அந்தக் காலிப் பாதியை மடிச்சுக் கிழிச்சுடலாம்னுதான். கிழிச்சுட்டா, மூணைக் கீறினவங்கதான் நாலாவதையும் கீறியிருப்பாங்கன்னு மச்சான் நினைச்சுக்குவார். பத்தொன்பது வருஷத்துல கையில நல்ல சாட்சியோட நான் அவர் முன்னாடி நிக்கப் போறது இந்த ஒரு தடவைதான். மடிப்பு வரைக்கும் போட்டுட்டேன். அப்புறம் அந்த மனுஷன் கதவைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சது ஞாபகம் வந்துச்சு. அவர் ஒழுங்கா செஞ்ச ஒரே சக்கரம் அது.

பேனாவை எடுத்தேன். 'இடது பின் சக்கரம், மருந்துக்கடை வாசல்ல உரசிடுச்சு'ன்னு எழுதினேன். படிச்சுப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, கை தானா அப்படித்தான் போகுது. கடைசி வார்த்தையை அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதினேன். 'உரசிட்டேன்.' கையெழுத்துப் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மச்சான் எங்க வீட்டுக்கு வந்தார். பெட்டியைக்கூட வீட்டுக்குள்ள வைக்கல. நேரா கார்கிட்ட போய்க் குனிஞ்சார். ஒரு சக்கரம், ரெண்டு, மூணு. என் பேர் சொல்ற சத்தம் கேட்டுச்சு.

"உடைசல்!"

சீட்டை நீட்டி, வியாழக்கிழமை பெயிண்டரை வச்சு சரி பண்றதா கடையில சொன்னதையும் சொன்னேன். வெயில்ல நின்னுக்கிட்டே படிச்சார். மேல் பாதியைப் படிச்சார், சீலைப் பார்த்தார், கீழ் பாதிக்கு வந்தார். அங்க ரொம்ப நேரம் நின்னுட்டார். என் மனைவி வாசல்ல வந்து நின்னா.

"மாப்ளே, இங்க என்னமோ எழுதி அடிச்சிருக்கே?"

"ஆமாங்க மச்சான்."

சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சார். "உர... சிடுச்சு."

"அது தப்பா எழுதிட்டேன்."

மறுபடி இடது பின் சக்கரத்துக்குப் போய் அந்தத் தேய்ப்பை விரலால தடவினார். முகத்துல வலி தெரிஞ்சுது. அப்புறம் கார் கதவைத் திறந்து, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வச்சிருக்கிற டப்பாவுக்குள்ள அந்தச் சீட்டையும் மடிச்சு வச்சு மூடினார்.

"கேமரா?" என்றார், என்னைப் பார்க்காமலே.

வாசல்ல நின்ன என் மனைவி நிமிர்ந்து பார்த்தா.

"நான்தான் மச்சான். நான் போட்டுட்டேன்."

"ம்."

தெருவுல ஒரு சைக்கிள் போச்சு. மச்சான் பெட்டியைத் தூக்கினார்.

"வியாழக்கிழமை பெயிண்டர் வரானா?"

"ஆமாங்க. மூணு அவங்க போட்டுடுவாங்க. நாலாவதை நான் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

"எனக்கு வியாழக்கிழமை ஆபீஸ்ல மீட்டிங்." பாக்கெட்ல கையை விட்டு மாத்துச் சாவியைத் தேடினார். அது அங்கதான் இருக்கான்னு பார்த்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. என் கையில இருந்த சாவியைக் கேக்கல. "நீயே கொண்டு போயிட்டு வந்துடு."

"சரிங்க மச்சான்."

படி ஏறினவர் திரும்பிப் பார்த்தார்.

"மருந்துக்கடைக்கு நடந்து போ."