உண்ணிக்கடி தெரிகிற படம்

1

ஒப்புக்கொண்டு ஆரம்பித்துவிடுகிறேன்: இந்தக் கதை திருடியது. சத்துவாச்சாரியில் ஆமிரின் கம்ப்யூட்டர் கடையில் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற பெண் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து எடுத்தது.

"ஆமிர் தம்பி, டெஸ்ட் பண்ணச் சொல்லி நீ குடுத்த புதுக் கார்டு, தோல்ல இருக்கிற உண்ணிக்கடிய* தொடச்சிடுது. அத்த எப்டி நிறுத்துறது?"

கிராபிக்ஸ் கார்டு என்றால் வீடியோ கேம் பிள்ளைகள் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கும் உண்ணிக்கும் என்ன சம்பந்தம்? மண்டை குடைந்தது. லேப்டாப் அடுத்த ஐந்தாவது நிமிடம் தயாராகிவிட்டது. நான்தான் கிளம்பவில்லை.

(*ஆட்டின் உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும் பூச்சி உண்ணி. அது கடித்த இடம் தோல் பதனிட்ட பிறகும் குண்டூசி குத்திய புள்ளியாக நிற்கும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலாற்றின் மணலில் பொழுது புலர்ந்தபோது, தோல் தொழிற்சாலைகளின் வாசனை காற்றில்—'

வேண்டாம். ஆம்பூர் என்றாலே வாசனையில் தொடங்குவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். கடையில் கேள்வி கேட்ட அம்சவேணி வேலை செய்வது ஆம்பூரில் ஒரு ஏசி அறையில். அங்கே வருகிற ஒரே வாசனை பக்கத்து மேசையின் எலுமிச்சைச் சாதம்.

இரண்டாவது: 'பழைய கார்டில் நாற்பத்தாறு நிமிடம், புதியதில் நான்கு நிமிடம்.' இது கதை இல்லை, விளம்பரம். ஆனால் கணக்கு உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.

3

அம்சவேணி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறாள். ஆட்டுத்தோலை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஷூவின் மேல் போர்த்தி, நிஜ ஷூ போலவே படம் எடுக்க வேண்டும். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் தருவார். வந்து இறங்குகிற ஷூ படத்தைப் போல இல்லையென்றால் கன்டெய்னரோடு திருப்பி அனுப்புவார்.

பழைய கார்டில் ஒரு படத்துக்கு நாற்பத்தாறு நிமிடம். முதலாளி இஷ்தியாக் அகமது கடிகாரத்தைக் காட்டினார்.

"இன்னாம்மா இது, ஒரு படத்துக்கு முக்கா மணி நேரமா? பேஜாராப் போச்சு. புதுக் கார்டு போட்டுப் பாரு. பத்து நிமிஷத்துக்குள்ள வந்துச்சுன்னா இங்கியே வெச்சுக்கலாம். ஜாஸ்தி ஆச்சுன்னா வேலைய சென்னைக்கே குடுத்துட்றேன்."

வேலை சென்னைக்குப் போனால் அம்சவேணியின் நாற்காலிக்கு ஆம்பூரில் வேலை இல்லை.

புதுக் கார்டு நான்கு நிமிடத்தில் படத்தைத் துப்பியது. அவள் எழுந்து நின்று கைதட்டினாளாம். அப்புறம் தோல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு கிறுக்குத்தனத்தைச் செய்தாள். தோலின் குறை பகல் வெளிச்சத்தில்தான் தெரியும், அதனால் தரம் பிரிக்கிறவர்கள் தோலை நேர் வெயில் படாத வடக்கு ஜன்னலுக்குத்தான் கொண்டுபோவார்கள். பழக்கதோஷம், இவள் மானிட்டரையே கழற்றி, ஒயரை இழுத்துக்கொண்டு, வடக்கு ஜன்னலுக்குத் தூக்கிப் போனாள். அந்த வெளிச்சத்தில் மானிட்டர் கண்ணாடியில் தெரிந்தது அவள் மூஞ்சி மட்டும்தான். தானே சிரித்துக்கொண்டு, இரண்டு கார்டுகளின் படங்களையும் பிரிண்ட் எடுத்து அதே ஜன்னலில் பிடித்தாள்.

சிரிப்பு நின்றது. பழைய படத்தில் குதிகாலுக்கு மேலே ஏழு உண்ணிக்கடி. புதியதில் ஒன்றுகூட இல்லை. குழந்தையின் கன்னம் மாதிரித் தோல்.

4

"அது கார்டோட தப்பு இல்லக்கா," என்றார் ஆமிர். "புதுக் கார்டு வேகமா அரைகுறையாப் போட்டுட்டு, மீதிய யூகம் பண்ணி நிரப்பிடும். புள்ளியப் பார்த்தா அழுக்குன்னு நெனைச்சுத் தொடச்சிடும். அந்த வசதிய ஆஃப் பண்ணிட்டா முழுசாப் போடும். டைம் கொஞ்சம் ஆவும்."

"கொஞ்சம்னா?"

"ஓட்டிப் பாத்துடலாமே."

கடையிலும் அதே கார்டு இருந்தது. அவள் பென்டிரைவைக் கொடுத்தாள். திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. இதுவரை நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் அந்தக் கோடு நகர்ந்தபோது அவள் எங்களுக்குச் சொன்னது. பழைய கார்டாக இருந்திருந்தால் உங்கள் கையில் இப்போது ஒரு நாவல் இருந்திருக்கும்.

பத்தாவது நிமிடத்தில் கோடு பாதியைத்தான் தாண்டியிருந்தது. அவள் கடைக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்தொன்பது நிமிடம். ஏழு உண்ணிக்கடியும் இருந்தன. ஆமிர் இன்னும் எதையெதையோ திருகிப் பார்த்தார். பதினேழுக்குக் கீழே இறங்கவில்லை.

5

இந்த இடத்தில் 'அம்சவேணி பொய்யே அறியாதவள்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உண்மையில் அவள் சொன்னது இது:

"மொதலாளிக்குக் குடுக்க வேண்டிய ரிப்போர்ட்ல நாலு நிமிஷம்னு நேத்தே டைப் பண்ணிட்டேன் தம்பி. அழிச்சேன். திருப்பி அடிச்சேன். இப்ப காலியா வெச்சிருக்கேன்."

அவளைச் சுத்தமாகத் துடைத்து உங்களிடம் காட்டியிருந்தால் நானும் அந்தக் கார்டும் ஒன்று.

6

நான்கு நிமிடப் படத்தையும் பத்தொன்பது நிமிடப் படத்தையும் உறையில் போட்டுக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறிவிட்டாள். இனி வருவது எல்லாம் என் கற்பனை.

முடிவு அ: முதலாளி மனமிரங்கி— (அவர் கன்டெய்னர் கணக்குப் பார்க்கிறவர். எதற்கு இரங்க வேண்டும்?)

முடிவு ஆ: ஆமிர் போன் செய்து, 'அக்கா, ஒம்பது நிமிஷத்துல வந்துடுச்சு' என்று— (மூன்று நாள் இந்த முடிவோடுதான் தூங்கினேன். பொய். பதினேழுதான்.)

முடிவு இ: இஷ்தியாக் அகமது இரண்டு படங்களையும் வாங்கிக்கொண்டு, எழுந்து வடக்கு ஜன்னலுக்குப் போகிறார். முப்பது வருடம் தோல் பார்த்த கை. ஒவ்வொரு படத்தையும் சாய்த்துப் பிடிக்கிறார். பழக்கதோஷம் அவரையும் விடவில்லை, கட்டைவிரல் நகத்தால் காகிதத்தைக் கீறிப் பார்க்கிறார். பின் திரும்புகிறார்.

"இதுல எதும்மா நம்ம தோலு?"

அவருக்குத் தெரியாதா, இல்லை தெரிந்துகொண்டே கேட்கிறாரா? அவர் முகத்தை எத்தனை முறை எழுதிப் பார்த்தும் அது பிடிபடவில்லை. ரிப்போர்ட்டில் நேரம் என்ற கட்டம் இன்னும் காலி. அம்சவேணி வாயைத் திறக்கிறாள்.

"சார், ........................"

அந்த இடத்தை நான் நிரப்பப்போவதில்லை. என் நாற்காலிக்கு ஆபத்து இல்லாததால், எனக்கு அதற்கு உரிமை இல்லை என்று தோன்றுகிறது. பேனா உங்களிடம் இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பகலில், ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.