வருடம் எழுதாத பலகை

ஹனோவரில் ரயில் மாறி ஏறியதுமே, டிக்கெட் பார்க்க வந்த பெண் என் கைவண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நாலு மரச்சக்கரம், முன்னால் இழுக்க ஒரு தண்டு, உள்ளே போர்வை சுற்றிய ஒரு பலகை. சிரிக்காமல் என்ன செய்வாள். தந்தையர் தினத்தன்று எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் பீர்ப் பெட்டியை ஏற்றிக்கொண்டு காடு மேடெல்லாம் இழுத்துத் திரிவது இந்த மாதிரி வண்டியைத்தான்.

"தந்தையர் தினம் முடிஞ்சு மாசக்கணக்காச்சே பெரியவரே. நீங்க இன்னும் வீடு போய்ச் சேரலியா?"

"பீர் இல்லம்மா. பொண்டாட்டிய ஏத்தப் போறேன்."

என் மனைவி கெசீனேவுக்கு அன்று டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தேறியவரை வண்டியில் உட்காரவைத்து இழுத்துப்போய், சந்தைச் சதுக்கத்து நீரூற்றின் மேல் நிற்கும் வாத்துக்காரிச் சிலைக்கு முத்தம் கொடுக்கவைக்காவிட்டால் யாரும் அதைப் பட்டமாகவே மதிப்பதில்லை. அவள் துறையிலிருந்த வண்டியோ போன மாதம் ஒரு பருமனான பையனைச் சுமந்து அச்சு முறிந்து கிடந்தது. கெசீனேவோடு படிக்கும் ஃபெம்கே என்ற பெண் எனக்கு போன் செய்து, உங்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றாள். அதுவரை நான் போவதாகவே இல்லை. "உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு படிச்சதெல்லாம் மறந்துடும், நீ வீட்லயே இரு" என்று கெசீனே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இதையெல்லாம் கேட்ட டிக்கெட்காரி கையை நீட்டினாள். "அட, டாக்டரம்மா வீட்டுக்காரரா? அப்போ என்னோட வாழ்த்…"

"ஐயோ, சொல்லிடாதம்மா."

வண்டியின் மரச்சட்டத்தை மூன்று முறை தட்டினேன். அவளுக்கும் உறைத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அவளும் தட்டினாள். நல்ல காரியத்தை முந்தி வாழ்த்தினால் அது கெட்டுவிடும், மரத்தைத் தட்டினால் தோஷம் கழியும் என்பது எங்கள் நம்பிக்கை. நாளைக்குப் பிறந்தநாள் என்றால் இன்றைக்கு வாழ்த்துச் சொல்லக்கூட யாரும் துணியாத தேசம் எங்களுடையது.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. கெசீனே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் படிப்பைத் தொடங்கியபோது நான் செய்யாத கேலி இல்லை. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஹைடே புதர்வெளிப் பக்கத்து மடங்களில் கன்னியாஸ்திரிகள் எவ்வளவு தேன் சேர்த்தார்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. "அவங்க தின்ன தேனுக்கு நீ எதுக்குடி கணக்குப் பாக்குற?" என்பேன். ஆனால் அந்த முதல் குளிர்காலத்திலேயே, அவளுக்குத் தெரியாமல், கொட்டகையில் உட்கார்ந்து ஒரு ஓக் பலகையை இழைத்து, பச்சை வண்ணம் பூசி, 'டாக்டர் கெசீனே ஹார்ம்ஸ்' என்று வெள்ளையில் எழுதினேன். கீழே அவள் முடிக்கப்போகும் வருடத்தையும் எழுதினேன். அந்த வருடம் அவளுடைய பேராசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வருடத்தைச் சுரண்டி அடுத்ததை எழுதினேன், அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதையும் சுரண்டி எழுதினேன். அந்த வருடம் அவள் காகிதங்களையெல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டி, "போதும் யோஸ்ட், எனக்கு கண்ணாடி விக்கத்தான் தெரியும்" என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பெட்டியைத் திரும்பப் பிரிக்க அவளுக்கு ஒரு கோடை முழுக்க ஆனது.

நான் தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போகிற ஆள். ஆனாலும் மூன்று தடவை என்றால் யாருக்குத்தான் பயம் வராது? என் கைதான் அவள் காரியத்தைக் கெடுக்கிறது என்று நம்பிவிட்டேன். அதனால் இந்த முறை வருடத்தை எழுதவில்லை. தூரிகையும் சின்ன டப்பாவில் வெள்ளை வண்ணமும் கோட்டுப் பையில் இருந்தன.

க்ரையென்சனில் சிக்னல் கோளாறு என்று ரயிலை நிறுத்திப்போட்டார்கள். கோளாறு இல்லாமல் வந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன். வெயில் அருமையாக இருந்தது. அவித்த முட்டையை உரித்துத் தின்றேன், பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டேன், நடுநடுவே வண்டியைத் தட்டினேன். கோட்டிங்கனில் இறங்கும்போது டிக்கெட்காரி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து இறக்கிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை, மகராசி.

கல் பாவிய தெருவில் சக்கரம் போட்ட சத்தத்துக்கு சைக்கிளில் வந்த மாணவர்களெல்லாம் மணியடித்து வழிவிட்டார்கள். துறைக் கட்டிடத்தின் படியில் ஃபெம்கே, தேறியவருக்கு நண்பர்கள் செய்து போடும் அட்டைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தொப்பியைச் சுற்றிக் கம்பியில் தேனீக்கள், உச்சியில் கண்ணாடி போட்ட ஒரு கன்னியாஸ்திரி பொம்மை.

"கேள்வியெல்லாம் முடிஞ்சுது. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு முடிவு பண்ணாங்க. இப்பதான் திரும்ப உள்ள கூப்பிட்டாங்க." பலகையைப் பிரித்துப் பார்த்தவள், "வருஷத்த விட்டுட்டீங்களே, எழுதுங்க" என்றாள்.

"மாட்டேன்."

"எழுதி முடிக்கறதுக்குள்ள வந்துடுவாங்க யோஸ்ட்."

"வரட்டும். நான் எழுத மாட்டேன்."

படியில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து, தூரிகையை முக்கி, கையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன். மாடி ஜன்னல் திறந்திருந்தும் பேச்சு எதுவும் கேட்கவில்லை. பிறகு மரத்தைத் தட்டும் சத்தம் வந்தது. ஒருவர் தட்டினார், நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் அறை முழுக்க மேசைமேல் விரல் முட்டிகள் விழுந்தன. பாராட்ட இங்கே படித்தவர்கள் கை தட்டுவதில்லை, மேசையைத்தான் தட்டுவார்கள்.

"இப்ப எழுதுங்க" என்றாள் ஃபெம்கே.

எழுதினேன். அவசரத்தில் கடைசி எண் சாய்ந்துவிட்டது.

கெசீனே கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கருப்புக் கோட்டும் வெளுத்த முகமுமாக இருந்தாள். என்னை வரவேண்டாம் என்று சொன்னது அவளுக்கு மறந்தே போயிருந்தது. பலகையைக் கையில் வாங்கிப் படித்தாள். வருடத்தைச் சுற்றி மரம் பள்ளமாக இருந்ததை விரலால் தடவினாள்.

"இங்க ஏன் குழியா இருக்கு?"

"சுரண்டினேன்."

"எத்தன தடவ?"

"மூணு."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் பலகையை அப்படியே மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஈரம், ஈரம் என்று கத்தினேன். யார் கேட்டது?

பலகையைக் கீழே வைக்காமலே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஃபெம்கே தொப்பியை அவள் தலையில் வைத்தாள். நானும் ஃபெம்கேயும் இழுத்தோம். "மெதுவாப் போ குதிர, முழங்கால் வலிக்குது" என்று வழியெல்லாம் அதிகாரம். சதுக்கத்தில் பலகையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஃபெம்கேயின் தோளைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் ஏறினாள். நான் கீழேயிருந்து தாங்கினேன். கூட்டம் கூடிவிட்டது. வாத்துக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தொப்பித் தேனீக்கள் ஆட, வெண்கலக் கன்னத்தில் நிதானமாக ஒரு முத்தம் கொடுத்தாள்.

என் கையிலிருந்த பலகையைப் பார்த்தேன். பெயர் இருந்தது. வருடம் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு தீற்றல்தான் மிஞ்சியிருந்தது. மேலே கெசீனே எங்கள் பக்கம் திரும்பி, ஒரு கையால் சிலையைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினாள். அவள் கருப்புக் கோட்டின் மார்பில் அந்த வருடம் வெள்ளை வெளேரென்று, வலம் இடமாகத் திரும்பி, சாய்ந்த கடைசி எண்ணோடு, பதிந்திருந்தது.