சங்குக்கு முந்திய இடது கண்

ஒரு காலத்தில் முந்நூறு பேர் வேலை பார்த்த பிஸ்கட் தொழிற்சாலை, என் இடது கண்ணைப் பார்த்துத்தான் டீ குடித்தது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இதை நான் ஆரம்பித்தாலே என் மனைவி, "போன தடவை இருநூறு பேருன்னீங்க" என்று குறுக்கே விழுவாள். ஓய்வு பெற்றவனுக்குச் சம்பளம்தான் உயராது, ஆள் கணக்காவது உயரட்டுமே. ஆனால் கண் என் கண். டீயும் அசல் டீ. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் கலக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசனை. வெண்ணெயும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும் வாசனை. சட்டையைத் துவைத்தாலும் போகாது. பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக் குழந்தை அம்மாவை விட்டுவிட்டு என் மடிக்குத் தாவும். தெருமுனையில் நான் திரும்பினாலே நாய்கள் இரண்டு வரிசையாக நின்று வரவேற்கும். மந்திரிக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

எங்கள் அடுப்பு ரயில் பெட்டி நீளத்துக்கு ஓர் இரும்புச் சுரங்கம். ஒரு வாயில் வெள்ளை மாவு வில்லைகள் உள்ளே போகும். மறுவாயில் அவை பொன்னிறமாக வெளியே வரும். அந்த மறுவாயில் நான் நிற்பேன். உடைந்தது, கருகியது, முகம் கோணியது எல்லாவற்றையும் பெல்ட் ஓட ஓடப் பொறுக்கி எடுப்பது என் வேலை. கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டும். அடுப்பின் காற்றாடிகள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் திட்டினால்கூடக் கேட்காது. அதனாலேயே நாங்கள் எல்லோரும் நல்ல நண்பர்களாக இருந்தோம்.

வேலை தொடங்க, சாப்பிட, டீ குடிக்க, வீட்டுக்குப் போக எல்லாவற்றுக்கும் சங்கு ஊதும். ஊதியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். எதிர்க்கட்டிடத்தின் மாடியில் இருந்த நேர அலுவலகம் அவர் ராஜ்ஜியம். சங்கின் கைப்பிடியை அவர் இழுக்கும் தோரணையைப் பார்த்தால், சூரியனையே அவர்தான் மேலே ஏற்றி இறக்குகிறார் என்று தோன்றும். ஆனால் அந்தச் சங்கு, மாவு முதல் பொட்டலம் வரை எல்லோரும் வேலை பார்த்த எங்கள் அடுப்புக் கூடத்துக்குள் கேட்காது. கூடத்தில் கடிகாரமும் கிடையாது, மாவில் விழும் என்று கைக்கடிகாரமும் கட்டக் கூடாது. அதற்காகச் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். சங்கு ஊதினால் அது எரியும். அதைப் பார்த்ததும் அடுப்புக்காரர் மாவை நிறுத்துவார், பெல்ட் காலியாகும், நாங்கள் வெளியே போவோம்.

இனி என் தலைவலிக்கு வருகிறேன்.

அதைத் தலைவலி என்று சொல்வது, யானையைப் பூச்சி என்று கூப்பிடுவது மாதிரி. வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளி போல வந்து, இரண்டு மாதம் தங்கி, தினமும் அதே நேரத்துக்கு என்னைப் பார்க்க வரும். முதலில் இடது மூக்கு அடைக்கும். பிறகு கண் எரியும், சிவக்கும், இமை கீழே இறங்கும், கண்ணீர் குடம் குடமாகக் கொட்டும். அதற்கப்புறம் கண்ணுக்குப் பின்னால் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகி, சாவி மாதிரித் திருகுவார்கள். முக்கால் மணி நேரம் திருகிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். வலது பக்கம் மட்டும் எதுவுமே நடக்காதது போல அமைதியாக இருக்கும். அந்தப் பாதி முகத்தின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

வலி வந்தால் உட்கார முடியாது. உள்ளங்கையால் கண்ணை அழுத்திக்கொண்டு அடுப்புக்கும் பொட்டலம் கட்டும் மேசைக்கும் நடுவில் போவேன், வருவேன். நான் நடந்து நடந்து அந்த சிமெண்டுத் தரையில் ஓடை விழுந்துவிட்டது. சரி, ஓடை இல்லை, ஒரு கோடு.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. பல் டாக்டர் இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கினார். வலி போகவில்லை, பிஸ்கட் கடிக்கும் சுகம் போயிற்று. கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். அதனால் வலி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மூக்கு டாக்டர் என் மூக்கைக் கழுவிய கழுவலில், எங்கள் குடும்பத்தின் மூக்கெல்லாம் சுத்தமாகியிருக்க வேண்டும். இன்னொருவர் ஒற்றைத் தலைவலி என்று முடிவு கட்டி, இருட்டறையில் அசையாமல் படுக்கச் சொன்னார். படுத்தேன். கட்டில்தான் உடைந்தது.

இத்தனைக்கும் நடுவில் மச்சான் ஒருவர் மட்டும் தெளிவாக இருந்தார்.

"மாப்ளே, இது வியாதியே இல்ல. கரெக்டா டீ நேரத்துக்கு வருது, டீ குடிச்சதும் போயிடுது. என் சங்குக்குக் காத்திருந்து வர்ற வலியை நான் எங்கயும் கேள்விப்பட்டதில்ல. நல்லா நடிக்கிறீங்க. நாடகக் கம்பெனியில சேர்ந்திருக்கலாம்."

"அண்ணே, ஞாயித்துக்கிழமையில அவரு வீட்டுல சுவத்துல முட்டிக்கிறாருண்ணே" என்பாள் மனைவி.

"சுவத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

கடைசியில் என்னைப் பிடித்து ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனவளும் மனைவிதான். அந்த அம்மா என் தலையைத் தட்டவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. முதல் கேள்வியே இதுதான்: "வலி வரும்போது படுத்துப்பீங்களா, நடப்பீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். "படுக்கிறதா? வீட்டுத் தரையே தேஞ்சு போச்சு டாக்டர்."

"தினமும் ஒரே நேரமா? ஒரே பக்கமா? கண்ணுல தண்ணி வருமா?"

இத்தனை வருடம் நான் எல்லோரிடமும் கத்திக் கத்திச் சொன்னதை அந்த அம்மா என்னிடமே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். எதையும் பெரிதாக்கிச் சொல்லும் நான், அன்றைக்கு ஒன்றையும் பெரிதாக்கவில்லை. பெரிதாக்க இடமே இல்லை.

"இதுக்குப் பேரு கிளஸ்டர் தலைவலி. கொத்துக் கொத்தா வரும். நடிப்பும் இல்ல, பயப்படற கட்டியும் இல்ல. முழுசா இல்லாம பண்ண முடியாது, ஆனா அடக்கலாம். தினமும் ஒரு மாத்திரை. அதுக்காக இதயத்தை அப்பப்ப சோதிச்சுப் பார்க்கணும். வலி தலைகாட்டினதும் முகமூடி போட்டு வேகமா ஆக்சிஜன் பிடிக்கணும். கால் மணி நேரம். ஆரம்பத்துலயே பிடிக்கணும், அதான் முக்கியம். இந்த ரெண்டு மாசம் சாராயப் பக்கம் தலைவைக்கக் கூடாது."

"ஆக்சிஜனா? நான் சாகப்போறேனா டாக்டர்?"

"டீ குடிக்கப்போறீங்க. நிம்மதியா."

வலி வருவது வேலை நேரத்தில். அப்படியானால் ஆக்சிஜன் சிலிண்டரைத் தொழிற்சாலையிலேயே வைத்திருக்க வேண்டும். மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஏற்கெனவே என்னை வைத்து அவருக்குத் தூக்கம் கெட்டுப் போயிருந்தது. ஓடுகிற பெல்ட் பக்கத்தில் ஒற்றைக் கண்ணோடு தள்ளாடும் ஆளை யார்தான் வைத்துக்கொள்வார்கள்?

"அடுப்புக்கு ரொம்ப தூரத்துல, முதலுதவி அறையில வைக்கலாம்" என்றார். "ஒரு வாரம் பார்ப்போம். ஆனா இது நிஜமான வலிதானான்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா சிலிண்டரும் போகும், நீங்களும் வேலையை விட்டுட வேண்டியதுதான்." பிறகு நேர அலுவலகத்துக்குப் போன் போட்டு, என் மச்சானையே கூப்பிட்டார்.

மச்சான் வந்தார். மேசை முன்னால் நின்று கைகட்டிக்கொண்டார். "உறவுக்காரருங்கிறதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன் சார். என் சங்குச் சத்தம் கேட்டாத்தான் இவருக்கு வலி வருது."

"ஒரு வாரம் கழிச்சு இதையே திரும்பக் கேக்குறேன்" என்றார் மேனேஜர். "உங்க பதிலை வச்சுத்தான் முடிவு."

அன்றைக்கு நான் வீட்டுக்குக் கொண்டு போன உடைந்த பிஸ்கட்டை யாரும் தொடவில்லை. அந்த வேலை போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? உடைந்ததையும் உடையாததையும் பிரிக்கத் தெரியும். அதற்கு உலகத்தில் வேறு எங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மச்சானுக்கும் மேனேஜருக்கும் தெரியாத ஒன்று. அந்த வருடம் என் தலைவலி வந்த வாரத்திலேயே சுவரிலிருந்த சிவப்பு விளக்கு உயிரை விட்டுவிட்டது. எலக்ட்ரீஷியன் நாளைக்கு மாற்றுகிறேன் என்றார். அவருடைய நாளை எப்போதும் நாளைக்குத்தான் வரும். சாப்பாட்டு நேரத்தை வயிறு சொன்னது, வீட்டுக்குப் போகும் நேரத்தை அடுத்த ஷிப்ட் ஆள் வந்து சொன்னான், டீக்குத்தான் இரண்டு நாள் எல்லோரும் குத்துமதிப்பாகப் போய்த் தவித்தோம். மூன்றாம் நாள் நான் கண்ணைப் பொத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும், அடுப்புக்காரர் என் முகத்தைப் பார்த்தார், எரியாத விளக்கைப் பார்த்தார், மாவை நிறுத்தினார்.

"விளக்கு எதுக்குடா?" என்று சைகையில் கத்தினார். "இவன் கண்ணு சிவக்குதே, போதாதா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் நடந்தால் டீ. நாங்கள் கைகழுவி வெளியே வரும் நேரத்துக்குச் சங்கும் ஊதி முடிந்திருக்கும். தன் சங்குக்குத்தான் கூட்டம் வருகிறது என்று மாடி ஜன்னலிலிருந்து மச்சான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பெல்ட்டில் என் இடத்தை மாற்றி வாங்க ஓடி வருபவன் என் முதுகைத் தட்டுவான். பொட்டலப் பெண்கள் ஈரத்துணியை நீட்டுவார்கள். வலியில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இன்று நினைத்துப் பார்க்கிறேன்: அந்தக் கொடுமையான முக்கால் மணி நேரத்தில்கூட நான் தனியாக நடந்ததே இல்லை.

சிலிண்டர் வந்த முதல் நாள். இடது மூக்கு அடைத்தது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது, ஆரம்பத்திலேயே. கண் சிவக்கும் முன்பே, என் இடத்தை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, கழிவறைக்குப் போகிறவன் மாதிரி நழுவி முதலுதவி அறைக்குப் போனேன். நர்ஸ் காற்றுப் பை வைத்த முகமூடியை மாட்டி, குழாயைத் திறந்தார். முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தேன். கம்பி உள்ளே வந்தது. ஒரு திருகு. இன்னொரு திருகு. பிறகு... திருகுகிற கை சலித்துக்கொண்டது. கம்பி ஆறியது. மெல்ல மெல்லப் பின்னால் போய், வாசலில் ஒரு நிமிடம் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு போயே போய்விட்டது.

நான் அழுதேன். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் வலது கண்ணும் சேர்ந்து அழுதது.

அதே நேரத்தில் அடுப்புக் கூடத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். நான் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டேன், அதுதானே என் தொழில்.

மச்சான் சங்கை இழுத்தார். முற்றத்தில் டீ அக்கா மட்டும் கெட்டிலோடு நின்றார். ஒரு ஈ காக்கா வெளியே வரவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை இழுத்த இழுப்பில் பக்கத்து ஊர்த் தொழிற்சாலைகளெல்லாம் டீக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எங்கள் ஆட்கள் மட்டும் அசையவில்லை. மச்சான் மாடியிலிருந்து உருண்டு, முற்றத்தைத் தாண்டி, அடுப்புக் கூடத்துக்குள் புகுந்தார்.

"காது செவிடா எல்லாருக்கும்? மூணு தடவை ஊதிட்டேன்!"

அடுப்புக்காரர் காதருகே கையைக் குவித்தார். "என்னது?"

"சங்கு! சங்கு!"

"சங்கா? அது இங்க எப்பய்யா கேட்டுது?"

"அப்ப எதை வச்சு டீக்கு வர்றீங்க?"

அடுப்புக்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்க மாப்ள இன்னும் நடக்கலையே. நேரம் இருக்குன்னு நினைச்சோம்."

மச்சான் செத்துப்போன விளக்கைப் பார்த்தார். காற்றாடி இரைச்சலைக் கேட்டார். தரையில் இருந்த கோட்டைப் பார்த்தார். அப்படியே திரும்பி முதலுதவி அறைக்கு வந்தார்.

நான் முகமூடியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்து முக்காலியில் பொத்தென்று அமர்ந்தார்.

"சங்கு உள்ள கேக்கவே கேக்காதா மாப்ளே?"

முகமூடிக்குள்ளிருந்தே, கேட்காது என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முகமூடியைக் கழற்றினேன். "எனக்குத் தெரியாது மச்சான். அதுக்குத்தான் தெரியும்."

அவர் என் இடது கண்ணையே பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்து, என் கன்னத்தைத் தானே துடைத்தார். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் துடைத்தார், அவருக்கு அப்படித்தான் வரும்.

அப்போது மேனேஜர் உள்ளே வந்தார், முகம் கருகிய பிஸ்கட் மாதிரி. "டீக்கு ஏன் இன்னும் யாரும் போகல? சங்கு மூணு தடவை ஊதிச்சு, ஒருத்தரும் வரல. என்ன நடக்குது இங்க?"

மச்சான் நினைத்திருந்தால் விளக்கின் மேல் பழி போடலாம், எலக்ட்ரீஷியன் மேல் போடலாம், ஒன்றும் தெரியாது என்று கைவிரிக்கலாம். சங்குக்கு யாரும் வருவதில்லை என்று அவர் வாயாலேயே சொல்வது, ராஜா தன் கிரீடத்தைத் தானே கழற்றுவது மாதிரி.

அவர் எழுந்து நின்றார்.

"சார், ஒரு வாரம் கழிச்சுக் கேக்குறேன்னீங்களே, இப்பவே சொல்லிடுறேன். சிலிண்டர் இங்கயே இருக்கட்டும். நான் ஊதினதுக்கு இவருக்கு வலி வரல. இவருக்கு வலி வந்ததுக்கு அப்புறம்தான் நான் ஊதியிருக்கேன். கடிகாரம் இல்லாம, சங்கு கேக்காம, தினமும் ஒரே நேரத்துக்கு எவனாலயும் நடிக்க முடியாது."

"அப்ப இத்தனை நாளா இவங்க எதைப் பார்த்து டீக்கு வந்தாங்க?"

மச்சான் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தன் மாடியைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார்.

"எங்க மாப்ள கண்ணைப் பார்த்துதான் சார். சத்தியமா."