கட்டை தட்டும் பயிற்சி

டால்பினைக் காப்பாற்றுவதற்காக எங்களுக்குப் பன்றிக்குட்டி கொடுத்தார்கள். வீட்டுக்கு இரண்டு. ஐராவதி ஆற்றில் இனிமேல் வலையைக் கட்டிப்போட்டுவிட்டு வரமாட்டோம், தண்ணீரில் கரண்டு விடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தவர்களுக்கு மட்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் அவசரத்தில் கைநாட்டே வைத்தார்கள்.

பன்றிகளோடு ஒரு விருந்தினர் வீடும் வந்தது. டால்பினும் மனிதனும் கூட்டுச் சேர்ந்து மீன் பிடிப்பதைப் பார்க்க மாண்டலேயிலிருந்து ஆட்கள் வருவார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் அவர்களுக்கு மோஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா சமைத்துப் போடுவார்கள். ஊரில் பாதி அடுப்பு அதில்தான் எரிந்தது.

நிபந்தனை ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை இந்த டால்பின் திட்டத்தின் அலுவலர் வந்து மூன்று நாள் படகில் உட்காருவார். கூப்பிட்ட குரலுக்கு டால்பின் வந்து மீனை வலைக்குள் ஓட்டிக்கொடுக்க வேண்டும். தூரத்தில் முதுகு தெரிந்தால் செல்லாது. மூன்று நாளும் வராவிட்டால் திட்டம் மேலூருக்குப் போய்விடும்.

இந்த வருஷம் முதல் இரண்டு நாள் வரவில்லை.

கூப்பிடத் தெரிந்தவர் என் தாய்மாமன் ஊ ஓன் ஷ்வே ஒருவர்தான் மிச்சம். படகு விளிம்பில் கட்டையால் மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு தொண்டையில் ஒரு குர்ர். அவ்வளவுதான். இதை விருந்தினருக்குச் சொல்லிக்கொடுத்தால் கூடுதல் வருமானம் என்று போன வருஷம் யோசனை சொன்னவன் நான். இரண்டு நாள் பயிற்சி, என் கையெழுத்தோடு சான்றிதழ். இருபத்தாறு பேர் தேறினார்கள். யாரையும் நான் பெயில் ஆக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும், அலுவலர் வருவதற்கு முன்னால், கரையில் வைத்து மாமாவிடம் என் போனைக் காட்டினேன். முந்தின நாள் எனக்கு வந்திருந்த வீடியோ.

மாமா எட்டப் பிடித்துப் பார்த்தார். "நம்மகிட்ட கத்துக்கிட்ட பசங்கதானே? கீழூர்க்காரனுங்க. ரொம்ப மரியாதையான பசங்க."

"முழுசாப் பாருங்க மாமா."

ஒருவன் தட்டினான். இரண்டு டால்பின்கள் வந்து, மீனை வளைத்து, இங்கே வீசு என்று வாலைத் தூக்கிக் காட்டின. வலைக்குப் பதிலாகப் பேட்டரி ஒயர் இறங்கியது. மீன்கள் வெள்ளையாக மிதந்தன. ஒரு டால்பினும் மிதந்தது.

"நல்லாத்தான் தட்டுறான்" என்றார் மாமா. "நான்கூட இவ்வளவு சுத்தமாத் தட்டமாட்டேன்."

"புடிச்சுக் குடுத்துரலாமா?"

"இவனுங்க ரெண்டு பேரு. மிச்ச இருபத்து நாலு பேரு யாருக்கெல்லாம் சொல்லிக்குடுத்திருக்கானோ."

அலுவலர் டோ யீ மோன் குடையும் கோப்புமாக வந்து படகில் ஏறினார். நல்ல மனுஷி. கரையிலிருந்து அத்தை கத்தினாள்: "இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா பன்னிகூடப் போய்ப் படுத்துக்க."

"அதாச்சும் குறட்டை விடாது" என்றார் மாமா.

உச்சிவரை தட்டினார். எதுவும் வரவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும்" என்றார் டோ யீ மோன். "நானும் பேனாவைத் திறந்தே வச்சிருக்கேன்."

அப்போது வந்தாள் மூளி. முதுகுத் துடுப்பில் ஒரு துண்டு இல்லாததால் மாமா வைத்த பெயர். பக்கத்தில் கன்று. படகைச் சுற்றி வந்து, மீனை மொத்தமாக எங்கள் பக்கம் ஒதுக்கி, வாலைத் தூக்கினாள்.

வீச்சுவலை மாமாவின் தோளில் இருந்தது. அதைக் கீழே வைத்தார். படகுத் துடுப்பை எடுத்து அவள் தலைக்குப் பக்கத்தில் தண்ணீரில் ஓங்கி அடித்தார்.

விலகிப் போனாள். திரும்ப வந்தாள்.

"வெளையாட்டுன்னு நெனைக்குது சனியன்" என்றார். இரண்டாவது அடி அவள் முதுகில் விழுந்தது. கன்றைத் தள்ளிக்கொண்டு போனவள் திரும்பவில்லை.

"என்னண்ணே இது?" என்றார் டோ யீ மோன்.

நான் அவரிடம் வீடியோவைக் காட்டினேன். முழுதும் பார்த்தார். "மேடம், வந்துச்சுன்னு எழுதிருங்க. நீங்களே பார்த்தீங்க" என்றேன். கெஞ்சினேன் என்பதே சரி.

"எழுதினா கூட்டாளி மீனவர் டால்பினை அடித்தார்னும் எழுதணும் தம்பி."

"வரலைன்னு எழுதுங்க மேடம்" என்றார் மாமா. "இந்தச் சத்தத்துக்கு இனிமே எதுவும் வரக்கூடாது. யாரு தட்டினாலும்."

அவர் எழுதினார். ஒரு வார்த்தைதான், ஆனால் எழுத நேரமாயிற்று. மாமா மறுபடியும் கட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

"போதும் மாமா. அதான் எழுதியாச்சே."

"இந்தக் கூட்டத்துல இன்னும் ஆறு இருக்கு மாப்ளே. ஒவ்வொண்ணா வந்து அடி வாங்கிட்டுப் போகணும். உனக்கும் ஒரு துடுப்பு கெடக்கு பாரு, எடு."

எடுத்தேன்.