மாஸ்டரின் கிளட்ச்

வண்டி வாங்கிப் பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அது மேம்பாலத்தின் நடுவில் மேலே ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது.

அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். எஞ்சின் கத்தியதே தவிர, வண்டி நகரவில்லை. முதல் கியருக்கு மாற்றினாள். மறுபடியும் கத்தல்தான். கருகின வாடை மூக்கில் ஏறியது. பின் இருக்கையில் மூன்று வீட்டுக்கான திரைச்சீலைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருந்தன. துணியில் வாடை பிடித்துவிடுமே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் பின்னால் நிற்கிற வண்டிகளின் ஹாரன் காதில் விழுந்தது.

அவள் திரைச்சீலை தைப்பவள். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, தைத்து, கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவாள். கணவர் முப்பது வருடமாக ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே மாஸ்டர்தான். காலையும் மாலையும் ஸ்கூலுக்குப் போய்வர அவர் வண்டியை எடுப்பார். நடுவில் கிடைக்கிற பகல் பொழுது அவளுடையது. நாற்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

வண்டியை சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போனார்கள். அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, டை கட்டிய அலுவலர் ஒருவர் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"கிளட்ச் தேஞ்சு போச்சு மேடம். செட்டோட மாத்தணும். கியர்பாக்ஸ இறக்கினாத்தான் மிச்சம் தெரியும்."

"வாரண்டி இருக்கே?"

"கிளட்ச் தேயுற பொருள். அதுல வராது. ஓட்டுற விதத்தப் பொறுத்தது இது."

மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஓட்டுற விதமா? தம்பி, நான் முப்பது வருஷமா ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுக்கிறவன். என் பழைய வண்டி ஒரு லட்சம் ஓடிச்சு, அதே கிளட்ச்சோட."

அலுவலர் அதற்கெல்லாம் அசரவில்லை. "சரி சார். இந்த வண்டிய வேற யாரு ஓட்டுறாங்க?"

மாஸ்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அங்கே கேட்ட தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வண்டியை அங்கிருந்து எடுத்து, ஸ்கூல் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். யார் அவசரப்படுத்தினாலும் "பொறுமை, பொறுமை" என்பார் அவர். அதனால் பொறுமை என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொறுமை கூப்பிட்டனுப்பினார். கியர்பாக்ஸ் இறங்கியிருந்தது. கழற்றிய கிளட்ச் தட்டை ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைத்துக் காட்டினார். ஓரமெல்லாம் கரியாகி, ஆணித்தலைகள் வெளியே தெரிந்தன.

"இது மேடு ஏத்தித் தேஞ்சதில்ல மாஸ்டர். பேரிங்கும் போயிருக்கு பாருங்க. எந்நேரமும் யாரோ கால கிளட்ச் மேலயே வச்சிருந்திருக்காங்க."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "தையல் மெஷின் பழக்கம். கால் மிதியிலயே கிடக்கும். எத்தன தடவ சொல்லிக்குடுத்தேன்."

இருபத்தைந்து வருடமாகத் தையல் மெஷின் மிதியை விட்டு இறங்காத கால்கள் அவளுடையவை. அவளுக்கே தெரியாமல் அது நடந்திருக்கலாம். வீட்டுக்குப் போனதும் மெஷின் முன்னால் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். நூல் கோக்கும்போதுகூட இரண்டு பாதமும் மிதியின் மேல்தான் இருந்தன. ஓரம் அடிக்கிற புது மெஷினுக்கென்று அவள் ஒதுக்கியிருந்த பணம் கிளட்ச்சுக்குப் போயிற்று. அந்த வாரம் முழுவதும் இருவரும் தட்டு வைப்பதும் எடுப்பதும் கதவு பூட்டுவதுமாகவே நாளை ஓட்டினார்கள். அளந்து வைத்திருந்த ஜன்னல்களுக்குத் துணி மூட்டையோடு பஸ்ஸில் போய்வந்தாள். திரைச்சீலை மாட்டும் ராடுகளை வைக்க இடமில்லை என்று ஒரு கண்டக்டர் அவளை இறக்கியும் விட்டார்.

வண்டி தயாரானதும் ஓட்டிப் பார்க்கப் பொறுமை கூப்பிட்டார். மாஸ்டர் ஓட்ட உட்கார்ந்தார், பொறுமை பக்கத்தில், அவள் பின்னால். காலி ரோட்டில் நான்காம் கியரில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"எப்படி இருக்கு?" என்றார் பொறுமை.

"பட்டு மாதிரி இருக்குய்யா."

பொறுமை தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டார். பிறகு பார்வையைக் கீழே இறக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், கிளட்ச்லேருந்து கால எடுங்க."

மாஸ்டர் சிரித்தார். "எங்கிட்டயேவா? கால் கீழதான்யா இருக்கு."

"சரி. நீங்க குனியாதீங்க. ஓரமா நிறுத்துங்க. பொறுமையா."

வண்டி நின்றது. மாஸ்டர் எஞ்சினை அணைத்து, "ரெண்டு காலும் கீழதான்" என்றார். பொறுமை கை பிரேக்கை இழுத்துவிட்டு, "இப்பப் பாருங்க" என்றார். அவளும் இரண்டு இருக்கைக்கும் இடையில் எட்டிப் பார்த்தாள். மாஸ்டரின் இடது கால் கிளட்ச் மேல் கிடந்தது. தூங்குகிற ஆளின் கையைப் போலத் தன் பாட்டுக்கு, முழுக் கனத்தோடு கிடந்தது.

மாஸ்டர் வெகுநேரம் அதையே பார்த்தார். தொடையைக் கையால் பிடித்துக் காலைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"வச்சதே தெரியலய்யா."

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்ததும், இடது செருப்பு ஸ்கூல் படியிலேயே கழன்று கிடந்ததும், இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம். பாதி நாள் மறந்துவிடுவார். அவளும் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டிருந்தாள்.

அன்று அங்கிருந்து அவள்தான் வண்டியை ஓட்டிவந்தாள்.

மறுநாள் டாக்டர் அவரைப் படுக்கச் சொன்னார். "கண்ண மூடிக்கங்க. நான் கால்ல தொடும்போதெல்லாம் சொல்லுங்க." நைலான் நூல் போன்ற ஒன்றை எடுத்துப் பாதத்தில் ஊன்றினார். கட்டைவிரலில், நடுப்பாதத்தில், குதிகாலில். ஒவ்வொரு முறையும் நூல் வளைவதை அவள் பார்த்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து. மாஸ்டர் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

"என்ன டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சர்க்கரையால் கால் நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்றார். மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது அவர் பேசினார்.

"உம்மேலதான் தப்புன்னு நினைச்சேன்."

"தெரியும்."

"மெஷின் பழக்கம்னு பொறுமை எதிர்லயே சொன்னேன்."

"நானும் அப்படித்தான் நம்பினேன்."

கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. பச்சை விழுந்தது. கிளட்ச்சை மெல்ல விட்டு வண்டியை எடுத்தாள். அவர் அவள் காலைப் பார்த்தார்.

"சரியாத்தான் விடுற," என்றார் மெதுவாக.

ஸ்கூல் முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் வாசலில் வண்டியில் காத்திருந்தாள். "ஸ்கூல் வண்டியில என் சீட்டுப் பக்கமும் பெடல் இருக்கு. பிரேக்குனு நினைச்சு எதையோ மிதிச்சேன்னா, ஓட்டுற பிள்ளைங்க கதி? இனிமே என்னால முடியாது" என்றாராம். முதலாளி பதறிப்போய், உடனே ஸ்கூல் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். முப்பது வருடத்தை நினைத்து, சாலை விதிகள் பாடம் நடத்தும் வேலையைக் கொடுத்தார். பாதிச் சம்பளம். மாஸ்டர் பலகையில் அம்புக்குறிகளை வரைந்து வகுப்பெடுக்கத் தொடங்கினார். அவரைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவள் வேலையாயிற்று. ஈடுகட்ட இரண்டு வீட்டு வேலையை அதிகமாக ஒத்துக்கொண்டாள்.

மாலையில் வந்ததும் அவர் கால் கழுவிவிட்டு நாற்காலியில் உட்காருவார். டாக்டர் சொன்னபடி, அவள் அவருடைய பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்கு விடாமல் பார்ப்பாள். கீறலோ கொப்புளமோ வந்தால் அவருக்குத் தெரியாதே.

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"சரியாப் பாரு."

"பாத்துட்டேங்க."

அவள் பாதத்தைத் துடைத்துக் கீழே இறக்கினாள். கை கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த ஓரத்தை அடிக்க மெஷினுக்குப் போனாள்.