எட்டு நிலவுகளின் கடைசிப் புத்தகம்

இறந்துபோன மகனின் கைப்பேசியைப் பிலோமினம்மாள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். ஜூன் மாதத்திலிருந்து அதில் வங்கி விளம்பரங்கள் மட்டுமே வந்துகொண்டிருந்தன. அக்டோபர் கடைசியில் வேறொரு செய்தி வந்தது. "கேலப், கடைசி புக் வந்துடுச்சு. எடுத்து வச்சிருக்கேன். நஸீஹா."

நஸீஹா சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் ஒரு மாடியில் காமிக்ஸ் கடை வைத்திருப்பவள். 'எட்டு நிலவுப் போர்' என்ற ஜப்பானியத் தொடரின் ஆங்கிலப் பதிப்பைக் கேலப் அவளிடம்தான் வாங்குவான். பள்ளியில் தொடங்கிய பழக்கம். வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. விண்கப்பல்கள், மந்திர வாள்கள், பேசும் நரிகள்.

"இந்த வயசுல இது என்னடா?" என்றால் சிரிப்பான். "நூறு கிரகம் இருக்கும்மா இதுல. ஆனா எல்லாப் பயலுக்கும் ஒரே கவலைதான். எப்ப வீட்டுக்குப் போறதுன்னு."

ஜூனில் அவனைக் கொண்டுபோன விபத்துக்குச் சில நாள் முன்பு, "முடிவு தெரிஞ்சாதான் நிம்மதி லா" என்றும் சொல்லியிருந்தான்.

கல்லறைத் திருநாளன்று அவன் அஸ்தி மாடத்தின் முன்னால் அந்த முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. துணி காயப்போடுவது போல இதுவும் ஒரு வேலை. ஆங் மோ கியோ வீட்டிலிருந்து ரயில் ஏறி நஸீஹாவின் கடைக்குப் போனாள்.

"கேலப் இல்லம்மா. ஜூன்ல போயிட்டான். நான் அவங்கம்மா."

நஸீஹா எடுத்து வைத்திருந்த புத்தகத்தை அவள் கையில் கொடுத்தாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். கீழே போய்த் தேநீர் வாங்கி வந்தாள். "இங்கயே உக்காந்து படிங்க ஆன்ட்டி. யாரும் வரமாட்டாங்க."

பிலோமினம்மாள் எல்லாப் புத்தகத்தையும் திறப்பது போல அதைத் திறந்தாள். முதல் தாளில் பெரிய எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. விளம்பரம் என்று தள்ளினாள். அடுத்து, இளம் விமானி ஒருவன் சாம்பலில் செத்துக் கிடந்தான். பக்கங்கள் புரளப் புரள அவன் எழுந்தான். காயம் மூடியது. எரிந்த கப்பல் முழுதானது. கடைசியில் அவன் தன் வீட்டு மேசையில் சூப்புக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருந்தான். பேச்சுகள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. ஆனால் இந்த மாதங்களில் யார் பேசியதுதான் அவளுக்குப் புரிந்தது?

"முடிச்சிட்டீங்களா ஆன்ட்டி?"

"முடிஞ்சுதும்மா. செத்தவன் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டான். அம்மாக்காரி சூப்பு கொடுக்குறா."

நஸீஹா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். "நல்ல இடத்துலதான் நிறுத்தியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லி, புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

திருநாளன்று மகனின் மாடத்தின் முன்னால் கணவர் ஆம்ப்ரோஸ் மெழுகுவத்தி ஏற்றினார். செபம் முடிந்தது. "நீங்களே அவனுக்குப் படிங்க" என்று பிலோமினம்மாள் புத்தகத்தை நீட்டினாள்.

அவர் அதை வலப்பக்கத்திலிருந்து திறந்தார்.

"அது முடிவுங்க. இந்தப் பக்கம் திறங்க."

"இல்ல பிலோ. ஜப்பான் புக்கை வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கமாத்தான் படிக்கணும். கேலப் எனக்குக் காட்டியிருக்கான். இதுதான் ஆரம்பம். அந்தப் பக்கத்துல 'இது கடைசி'ன்னு பெரிசா போட்டிருப்பாங்க."

அவர் விரலுக்குக் கீழே அதே மேசை, அதே சூப்புக் கிண்ணம். அப்படியானால் அவன் அங்கிருந்து கிளம்புகிறான். சாம்பலுக்குத்தான் போகிறான். அவள் மாடத்தின் பளிங்கைப் பிடித்துக்கொண்டாள். நஸீஹாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

"படிக்கவா, வேணாமா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"அந்த ஒரு பக்கம் மட்டும்."

மகனுக்குக் கேட்கும்படி அவர் தமிழில் சொன்னார். "அம்மா சொல்றாங்க: 'ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு. வெளியே குளிரா இருக்கு.' அவன் சொல்றான்: 'இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா.'"

அடுத்த தாளைப் புரட்டப் போனவரின் கைமேல் அவள் கையை வைத்தாள்.

"போதுங்க. முடிவு அவனுக்குத் தெரியும்."

ஆம்ப்ரோஸ் புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தை மாடத்துக்கு நேரே திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிலோமினம்மாள் கண்ணை மூடி, கடையில் முக்காலி போட்டுக் கொடுத்த பெண்ணுக்காகவும் மாதாவிடம் ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னாள். மெழுகு உருகிக் கொண்டிருந்தது.