நாற்காலிக்கும் லைனிங்

தையல்காரிக்கு ஒரு குணம். ரவிக்கையோ பையோ, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் வெளிப்பக்கம்போல நேர்த்தியாக இருக்க வேண்டும். அந்தக் குணம்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் மானத்தை வாங்கப் பார்த்தது.

மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை, தன் அப்பா அம்மாவோடு அன்று மதியம் சாப்பிட வருவதாக ஏற்பாடு. சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள் ஆறும் பஞ்சு பிதுங்கிக் கிடந்தன.

"ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சுது" என்றார் வேன் ஓட்டும் புருஷன்.

சம்பந்தியைப் பிளாஸ்டிக்கில் உட்கார வைப்பதா? "பழைய மெத்தையும் கடையில மிஞ்சின துணியும் போதும். பார்த்துக்கிட்டே இருங்க" என்று வாயை விட்டுவிட்டாள்.

உட்காரும் பலகைகளைக் கழற்றி, மெத்தையை வெட்டி வைத்து, நீலத் துணியை இழுத்துச் சின்ன ஆணிகளால் அடித்தாள். வேலை அமர்க்களமாக வந்தது. அதோடு விட்டாளா? அடிப்பக்கம் மொட்டையாக இருக்கிறதே என்று கறுப்புத் துணியில் லைனிங்கும் கொடுத்தாள். திருகாணித் துளைகளுக்கு மட்டும் காஜா எடுப்பதுபோல வழி விட்டாள்.

ஞாயிறு காலை பலகைகளை மாட்ட உட்கார்ந்தபோதுதான், ஒவ்வொரு சட்டத்திலும் தச்சர் உளியால் கீறியிருந்த எண்கள் கண்ணில் பட்டன. கையால் செய்த நாற்காலிகள். ஒன்றின் பலகை இன்னொன்றில் சேராது. பலகைகளிலும் அதே எண்கள் இருந்திருக்கும். இப்போது லைனிங்குக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

"பிரிச்சுப் பாரேன்" என்றார் புருஷன்.

"நான் போட்ட லைனிங்கையா?"

மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய சேர்ந்ததையெல்லாம் முறுக்கி ஏற்றினாள். ஐந்து முடிந்தது. ஆறாவதில் ஒரு திருகாணிகூடப் பிடிக்கவில்லை; பலகை சும்மா மேலே கிடந்தது. அதற்குள் வாசல் மணி அடித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதுல நான் உட்கார்ந்துக்கறேன்" என்றார் அவர், மெதுவாக.

சாப்பாடு முழுக்க மனுஷர் ஆடவில்லை, அசையவில்லை. பொரியல் எட்டாத தூரத்தில் இருந்தது. அதையும் தியாகம் செய்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, சம்பந்தியம்மா கேட்கும்வரை.

"நாற்காலி புதுசா?"

புருஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் இவ கைவேலை" என்று எழுந்து நின்று மனைவியைக் காட்டினார். காட்டிவிட்டு, மறந்துபோய்ப் பொத்தென்று நுனியில் உட்கார்ந்தார். பலகை எகிறிச் சம்பந்தியம்மாவின் காலடியில் குப்புற விழுந்தது. புருஷன் சட்டத்துக்குள் மடங்கிச் சிக்கிக்கொண்டார். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பந்தியம்மா பலகையை எடுத்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "யார் கண்ணுலயும் படாத இடத்துக்குக்கூட லைனிங் போட்டிருக்கீங்களே. கல்யாணத் துணி மொத்தமும் நீங்கதான் தைக்கணும், சம்பந்தி."

தையல்காரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. புருஷனைத் தூக்கிவிடக் குனிந்தவள், அவர் காதில் சொன்னாள்: "சாயங்காலம் லைனிங்கைப் பிரிச்சு எண்ணைப் பார்த்துடறேங்க."

"அதுல கை வெச்சே," என்றார் அவர், சட்டத்துக்குள் கிடந்தபடியே, "பிளாஸ்டிக் வாங்கிட்டு வந்துருவேன்."